சின்னபொண்ணு எடுத்த தடி

திண்டிவனம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் பெருக்கிய சின்னபொண்ணுவைப் பற்றிச் சொல்வதானால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் கையில் துடைப்பம் நின்றாலும் வாய் நிற்காது என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார்கள். எதிரில் சொல்ல எவனுக்குத் தைரியம் இருந்தது? ஒருமுறை ஜரிகை வேட்டிக்காரர் ஒருவர் வெற்றிலை எச்சிலைத் தூணில் துப்பிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி புறப்படும் வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. "உங்க வூட்டு நடையிலயும் இப்பிடித்தான் துப்புவீங்களாங்க?" என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். பேச்சில் 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. போனதெல்லாம் அந்த மனிதருடைய மானம்தான்.

வளவனூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட வீட்டில் பிறந்தவள். புருஷன் தேவநாதன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தத் தடத்துக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு மார்கழியில், எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷனில், விடியற்காலைப் பனியில் பெட்டி கோக்கும்போது நசுங்கிச் செத்துப்போனான். விசாரணை நடந்தது. அவனோடு வேலை பார்த்த நாலு பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருக்கும் தெரியும், அன்று கை விளக்கில் எண்ணெய் இல்லை என்று. ஒருவனும் எழுந்து சொல்லவில்லை. நான்கு கால் நாற்காலிக்குக்கூட ஒரு சத்தம் உண்டு. அந்த நாலு பேருக்கும் இல்லை. 'தன் சொந்தக் கவனக்குறைவால் இறந்தான்' என்று எழுதி, கட்டி, மூடிவிட்டார்கள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. யாரோ படித்துச் சொன்னார்கள். "கவனம் இல்லாதவனா எங்கூட்டுக்காரன்? ஊருகா ஜாடிய மூடினா மூணு தரம் தொட்டுப் பாக்கிறவன்யா!" என்று வாசலில் நின்று கத்தினாள். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டது. அந்த ஒரு வரி அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

புருஷன் செத்ததற்குக் கொடுத்த வேலைதான் பெருக்குகிற வேலை. "தொடப்பக்கட்டை புடிக்கவா உன்னப் பெத்தாங்க?" என்று உறவு கேட்டது. "சோறு போடறவங்க பேசுங்க, கேட்டுக்கிறேன்" என்றாள். பேச்சு அதோடு நின்றது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை முடிந்து, திண்டிவனம் சந்தைக்கு லாரி லாரியாக மூட்டை வந்துகொண்டிருந்த நேரம். ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் அமலதாஸ் என்கிற வேதக்காரப் பிள்ளை வேலை பார்த்தான். தாய் செத்த அன்றுகூட அடுத்த ஆள் வந்த பிறகுதான் கேட்டை விட்டு நகர்ந்தவன். அவனுக்கும் லூர்துசெல்விக்கும் மூன்று பிள்ளைகள். கேட்டை ஒட்டிய ரயில்வே வீட்டில்தான் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும்.

ஒரு நாள் காலை பாசஞ்சர் வண்டிக்காக அமலதாஸ் கேட்டைச் சாத்தி வைத்திருந்தான். சந்தைக்கு முந்த வேண்டும் என்று பறந்து வந்த லாரி ஒன்று சாத்தின கேட்டில் வந்து முட்டியது. கேட் வளைந்தது. மூட்டைகள் சரிந்து கிழிந்து ரோட்டில் கொட்டின. பாசஞ்சர் தன் பாட்டுக்குப் போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அதன் முதலாளி பாண்டுரங்கன். பெரிய கை. ரயில்வே கேட்டை இடித்தால் வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அன்று மதியத்துக்குள் அவர் வேறு கதை எழுதிக் கொடுத்துவிட்டார்: கேட் திறந்துதான் கிடந்தது, லாரி தண்டவாளத்தின் மேல் ஏறிய பிறகு, தூங்கிக்கொண்டிருந்த கேட்காரன் அலறி எழுந்து ஓடிவந்து லாரியின் மேலேயே கேட்டைச் சாத்தினான், மூட்டைகள் கிழிந்து தண்டவாளத்தில் கொட்டின, பின்னால் எடுத்துத் தப்பித்தோம். டிரைவரும் ஆமாம் சாமி போட்டான். அமலதாசுக்குச் சாட்சி யார்? காக்காய் குருவிதான்.

கேட்டைப் பெருக்குவதும் சின்னபொண்ணு வேலைதான். அன்று காலை அந்த இடத்தைச் சுத்தம் பண்ணப் போனவள் அவள். ரோட்டை ஒட்டிக் கிடந்த மல்லாட்டையை மண்ணோடு கூட்டி, ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இது ஒன்றும் புதிதில்லை. அவள் பிறந்த ஊரில் மல்லாட்டை பிடுங்கி முடிந்தால், மண்ணில் தங்கின காய் பொறுக்குகிறவர்களுக்குச் சொந்தம். கொல்லை நிலத்துக்காரன் கேட்க மாட்டான். அதே நியாயத்தை அவள் ஸ்டேஷனுக்கும் கொண்டுவந்திருந்தாள். சிந்தினது பெருக்குகிறவளுக்கு. ஐந்து வருஷமாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளி கோயிலுக்குப் போய் வந்து புடைத்துக்கொள்ளலாம் என்று மூட்டையை அவிழ்க்காமல் மூலையில் போட்டுவைத்தாள்.

திருவக்கரையிலிருந்து திரும்பியபோது லூர்துசெல்வி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, அவர வேலைய வுட்டு எடுத்துடுவாங்க போலக்குது. வெள்ளிக்கெழம விழுப்புரத்துல விசாரணை. கூட வேல செய்யற ஒருத்தர தொணைக்கு இட்டாரலாமாம். அவங்க எழுந்து பேசலாமாம், கேள்வி கேக்கலாமாம். சங்கத்து ஆளு வர்றேன்னாரு. இப்ப வயித்துவலின்றாரு."

"வயித்துவலியா, பாண்டுரங்கன் குடுத்த பிரியாணி செரிக்கலியா?"

லூர்துசெல்வி சிரிக்கவில்லை; அழுதாள். ஆறு பேரைக் கேட்டாயிற்று, ஆறு பேருக்கும் அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொன்னாள். சின்னபொண்ணுவுக்கு அந்த பெஞ்சு ஞாபகம் வந்தது. நாலு பேர், நாலு குனிந்த தலை.

"நான் வர்றேன்" என்றாள்.

சொல்லிவிட்ட பிறகுதான் மூலையில் கிடந்த சாக்கு கண்ணில் பட்டது. கொட்டினது எங்கே என்று சொல்ல வேண்டுமானால் பெருக்கினது எங்கே என்று சொல்ல வேண்டும். பெருக்கினது எங்கே என்றால், எடுத்துப்போனது யார் என்று கேட்பார்கள். அடுத்தவன் சரக்கை எடுத்தவள் என்று அவள் வேலையும் சேர்ந்து போகும். ஸ்டேஷனில் காதும் காதும் வைத்ததுபோல் ஒருவர் சொன்னார்: "வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்காத, சின்னபொண்ணு."

"ஓணான் ஏற்கெனவே எம் மடியிலதாங்க இருக்குது. சாக்குல கட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அவள். அன்று இரவு சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சாக்கு மூட்டை ஒன்று, சின்ன முடிச்சு ஒன்று, ஒரு முறம் ஆகியவற்றோடு அவள் விழுப்புரத்தில் இறங்கினாள். பின்னால் அமலதாஸ், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடுபோல வந்தான். விசாரணை அறையில் மேஜைக்குப் பின்னால் அதிகாரி. ஓரத்தில் எழுதிக்கொள்ள சீனுவாசன் என்கிற இளவயசு கிளார்க். எதிரே நாற்காலியில் பாண்டுரங்கன், விரல் நிறைய மோதிரம்.

"துணைக்கு வந்தது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

"நானுங்க. சின்னபொண்ணு. பிளாட்பாரம் பெருக்குறவ."

பாண்டுரங்கன் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. விதியில் 'கூட வேலை செய்கிறவர்' என்றுதான் இருக்கிறது, என்ன வேலை என்று இல்லை, எழுதிக்கொள் என்று சீனுவாசனிடம் சொன்னார்.

பாண்டுரங்கன் தன் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தார். சின்னபொண்ணு முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"மூட்டைங்க தண்டவாளத்து மேல கொட்டிச்சின்னு சொன்னீங்களேங்க. நல்லாப் பாத்தீங்களா?"

"கண்ணாலப் பாத்தேன். நாலு மூட்டை."

"அதுக்கப்பறம்தான் பாசஞ்சர் போச்சுங்களா?"

"ஆமா."

அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், நாலு மூட்ட மல்லாட்டை மேல அத்தினி சக்கரம் ஏறினா, அது செக்குல போட்ட மாதிரிங்க. தண்டவாளம் பூரா எண்ணெய் வழியும். பின்னால வர்ற இன்ஜினு சறுக்கும். சக்கரம் புடிக்கறதுக்கு டிரைவருங்க மணலு கொட்டணும். அன்னிக்கு எந்த டிரைவராவது சறுக்கிச்சின்னு எழுதியிருக்காங்களா, பாருங்க சார்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். அன்று அடுத்தடுத்துப் போன ஐந்து வண்டிகளில் ஒன்றுகூடச் சறுக்கவில்லை.

"ஏதோ ஓரமா வுழுந்திருக்கும்" என்றார் பாண்டுரங்கன்.

"ஓரமா வுழுந்தா சந்துல போவும்ங்க. கேட்டாண்ட தண்டவாளத்த ஒட்டினாப்பல ஒரு சந்து இருக்குது, சக்கரம் போறதுக்கு. அதுல வுழுந்தது எதுவும் தானா வெளிய வராது. கம்பியப் போட்டு நான்தான் நோண்டி எடுக்கணும். அன்னிக்கு நோண்டினேன். சாணியும் வைக்கோலும் கரித்தூளும்தான். ஒரு காய் இல்ல." சின்ன முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். கரேலென்று இன்ஜின் சாம்பலும் கரித்தூளும். "கேட்டுக்கு உள்ள பூரா மண்ணு இந்த நெறம்தான் சார். உங்களுக்குத் தெரியாததா?"

"அப்போ மல்லாட்டை எங்கே போச்சு?" என்றார் அதிகாரி.

இந்தக் கேள்விக்குத்தான் அவள் ராத்திரி சோறில்லாமல் கிடந்தாள். சாக்கைத் தூக்கி முறத்தில் கவிழ்த்தாள். மல்லாட்டையும் செம்மண்ணும் சரளையுமாகச் சரிந்தது.

"எங்கூட்டுக்குப் போச்சு சார். ரோட்டுப் பக்கம், கேட்டுக்கு வெளிய கெடந்துச்சு. கூட்டி எடுத்துக்கினு போனேன். இன்னும் பொடைக்கல, அப்பிடியே இருக்குது."

அமலதாஸ் "யக்கா!" என்று முனகினான். பாண்டுரங்கன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா சார், திருட்டுக் கழுத! அது எம் மல்லாட்டை! மூணு பருப்புக் காய், செகப்புத் தோலு, இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கொல்லையில தவிர எவன் கொல்லையிலயும் கெடையாது. இவள மொதல்ல புடிச்சு உள்ள போடுங்க!"

"உங்களுதுதானா? நல்லாப் பாத்து சொல்லுங்க" என்றாள் சின்னபொண்ணு.

"எங்கம்மா மேல சத்தியம், என்னுதுதான்!"

"அன்னிக்கு லாரியிலேர்ந்து வுழுந்ததுதானா?"

"பின்ன வானத்துலேர்ந்தா வுழும்? அதேதான்!"

சீனுவாசனின் பேனா ஒரு எழுத்து விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி முறத்தில் கையை விட்டு அளைந்தார். செம்மண், சரளை, மல்லாட்டை. மறுபடி அளைந்தார். ஒரு பொட்டுக் கரி இல்லை. பக்கத்தில் கரேலென்று கிடந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு பாண்டுரங்கனைப் பார்த்தார்; நிதானமாக, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்டவாளத்து மேல கொட்டின உங்க மல்லாட்டையில கரி ஒட்டாம செம்மண்ணு எப்படி ஒட்டிச்சு, முதலாளி?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்! பாண்டுரங்கன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவன் இரண்டே நிமிஷத்தில் உண்மையைக் கக்கிவிட்டான். மத்தியானத்துக்குள் அமலதாஸ் மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. கேட்டை இடித்ததற்கு வழக்கு முதலாளி மேல் திரும்பியது. "இது உங்கள் சரக்கு, எடுத்துப்போகிறீர்களா?" என்று அதிகாரி முறத்தைக் காட்டினார். பாண்டுரங்கன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

"அப்ப சிந்தினது பெருக்கினவளுக்குங்க" என்று அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி வெளியே வரும்போது சீனுவாசனிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். சின்னபொண்ணு சும்மா விடுவாளா? சீனுவாசனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னாரு தம்பி உங்க சாரு?"

"'டேக் அப் த கட்ஜல்ஸ்'னு இங்கிலீஷ்ல ஒரு வழக்கு உண்டுக்கா. கட்ஜல்னா குட்டையான, தடிமனான கட்டத் தடி. நீங்க அமலதாசுக்காகத் தடி எடுத்துட்டீங்கன்னு சொன்னாரு."

"நான் எங்க தடி எடுத்தேன்? மொறம்தான எடுத்துக்கினு வந்தேன்?"

சீனுவாசன் சிரித்துக்கொண்டே விளக்கினான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் ஊர்ச் சந்தையில், திருவிழாவில், தடியால் மோதுகிற ஆட்டம் உண்டாம். ஏழைபாழைகளுக்கு வாள் ஏது? அவர்களுக்குத் தடிதான். தடியைக் கையில் எடுத்தால் மோதத் தயார் என்று அர்த்தம். குறுக்கே கீழே வைத்துவிட்டால், நான் ஒதுங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். பிறகு நாள்பட நாள்பட, இன்னொருவருக்காக வழக்காடுகிறவன், பரிந்து பேசுகிறவன் யாராக இருந்தாலும், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், தடி எடுத்தான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம்.

"ஓகோ. நம்ம பக்கம் வரிஞ்சு கட்டிக்கினு வந்தான்றோமே, அதானா?" அவள் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டாள். முந்தானை இன்னும் சொருகினபடியே இருந்தது. "பரவால்ல, வெள்ளக்காரனுக்கும் ரோசம் இருந்திருக்குது."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "எங்கூட்டுக்காரருக்கு ஒருத்தரும் தடி எடுக்கல தம்பி. கவனம் இல்லாதவருன்னு எழுதிட்டாங்க. அத மாத்தி எழுதற வரிக்கும் நான் கீழ வெக்க மாட்டேன்." தேவநாதன் கதையை அந்த நடைவாசலில் நின்று முழுக்கச் சொன்னாள். சீனுவாசன் பேரையும் வருஷத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டான்.

சரக்கை எடுத்ததற்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை, கடிதத்தோடு சரி. தன் பேர் டைப் அடித்து வந்த முதல் காகிதம் என்று அதற்குக் கண்ணாடி போட்டு, வக்கிரகாளி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். மல்லாட்டையை அவித்து ஸ்டேஷன் முழுக்கக் கொடுத்தாள். வயிற்றுவலிக்காரருக்கும் ஒரு கை கொடுத்தாள். "நல்லா மென்னு தின்னுங்க, செரிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் எவனும் விசாரணைக்குத் தனியாகப் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் பதினோரு பேருக்காக அவள் எழுந்து நின்றாள். எல்லாவற்றிலும் ஜெயித்தாள் என்று சொன்னால் பொய். எட்டில் ஜெயித்தாள். தோற்ற மூன்றிலும் எதிராளி பாண்டுரங்கனைப் போல வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

அறுபத்தேழில் மின்சார வண்டிக்காகத் தடம் நெடுகக் கம்பி இழுத்து முடிந்திருந்த சமயம், ஒரு காலை சீனுவாசன் திண்டிவனத்தில் வந்து இறங்கினான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எம்மேல விசாரணை. அனுமதி இல்லாம ஆபீசுல பழைய விசாரணைக் காகிதக் கட்டு ஒண்ண அவுத்து எடுத்துட்டேன். எனக்குத் துணைக்கு வருவீங்களா?"

"இன்னாத்துக்கு எடுத்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கிருந்தோ மாத்தலாகி வந்த கட்டுங்க. அதுல தேவநாதன்னு பேரு பாத்தேன்."

அவள் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. அந்தக் கட்டுக்குள், பின்பக்கம், ஒருவரும் நம்பர் போடாத ஒரு தாள் இருந்தது என்று அவன் சொன்னான். அந்தச் சின்ன ஸ்டேஷனில் விளக்குத் துடைக்கிறவன் கொடுத்த வாக்குமூலம். அதைத் தீர்ப்பில் சேர்க்கவே இல்லை. அதை அதிகாரியிடம் கொடுப்பதற்குள் இவனைப் பிடித்துவிட்டார்கள்.

விசாரணையன்று அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். புது அதிகாரி, கறாரான மனிதர். இந்தக் கட்டை எடுத்ததுதான் குற்றம் என்று மேஜையில் வைத்தார்.

"குத்தத்துக்குச் சாட்சி இந்தக் கட்டுதானுங்க? அப்ப அதுல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியணும். எனக்குப் படிக்கத் தெரியாது. சார்தான் படிச்சுக் காட்டணும். எல்லாத் தாளும்."

விதி அப்படித்தான் இருந்தது. அதிகாரி படித்தார். கடைசியில் அந்த நம்பரில்லாத தாளுக்கு வந்தார். இரண்டு நாளாக விளக்குக்கு எண்ணெய் வரவில்லை, விளக்கில்லாமல் போக மாட்டேன் என்று தேவநாதன் மூன்று தடவை சொன்னார், வண்டி தாமதமாகிறது என்று அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள். அதிகாரி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார், இந்தத் தடவை பக்கத்திலிருந்த கிளார்க் எழுதிக்கொள்ளும்படி.

சீனுவாசனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவனும் அதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து அவளுக்கு இன்னொரு காகிதம் வந்தது. பிளாட்பாரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து அமலதாசைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள். தேவநாதன் மரணத்தில் அவர் மேல் தவறு ஏதும் இல்லை, முந்தைய முடிவு ரத்து செய்யப்படுகிறது.

"மூணு தரம் சொல்லியிருக்காரு பாருடா, மூணு தரம்! ஊருகா ஜாடிய மூணு தரம் தொட்டுப் பாக்கிறவருன்னு சொன்னேனா இல்லியா?" அழுதுகொண்டே சிரித்தாள். பதினைந்து வருஷத்து முள் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

சீனுவாசனும் அங்கேதான் நின்றிருந்தான். "இனிமே தடியக் கீழ வெச்சிடலாம்க்கா" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு போர்ட்டர் கையில் மடித்த காகிதத்தோடு தயங்கி நின்றதை அவள் அப்போதே பார்த்துவிட்டிருந்தாள்.

"அது எங்க தம்பி முடியும்?" என்றாள். "யோவ், அங்க இன்னாய்யா ஒளிஞ்சிக்கினு நிக்கிற? இப்பிடி வா. விசாரணை என்னிக்கு?"